ஒரே மாதிரியான வரிகள்

மருதாசலம் என்கிற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் முப்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையை நான் நாலு நொடியில் அழித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

என் பெயர் தாரணி. கோயம்புத்தூரில் நினைவு மீட்பு மையம் ஒன்றில் ஃபைல் சுத்தம் செய்கிற வேலை. அடையாள அட்டையில் 'முதுநிலை நினைவுப் பிரதிச் செம்மையாளர்' என்று போட்டிருக்கும். என் அம்மாவுக்கு அதை ஒரே மூச்சில் சொல்ல வராது. அதனால் உறவுக்காரர்களிடம் "ஆஸ்பத்திரில கம்ப்யூட்டரத் தொடைக்கிற வேலை" என்று சொல்லிவைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி.

மறதி நோய்க்கு அப்போதுதான் மருந்து வந்திருந்தது. மூளையில் படிந்திருக்கிற கசட்டை அந்த மருந்து கரைத்துவிடும். கூடவே நினைவுகளையும் கரைத்துவிடும். அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்னால், மிச்சமிருக்கிற நினைவுகளை ஒரு கருவி படித்து எழுத்தாக மாற்றிவைக்கும். யார் என்ன சொன்னார்கள், எதைப் பார்த்தார், எங்கே போனார் என்று ஒரு நினைவுக்கு ஒரு வரி. முன்னால் தேதி. படமாகச் சேமித்துப் பார்த்தார்கள், மூளை ஏற்கவில்லை. வாக்கியமாகக் கொடுத்தால் மூளையே அதற்கான படத்தை வரைந்துகொண்டது. நோய் போனதும் அந்த வரிகளை மூளையில் திரும்ப எழுதுவார்கள். நடுவில் ஃபைலைச் சுத்தம் செய்வது நான்.

சுத்தம் எதற்கு என்றால், கருவிக்குக் கொஞ்சம் திக்குவாய். ஒரே நினைவு மூளையில் நாலைந்து இடத்தில் இருக்கும். அது நாலைந்து முறையும் படித்து நாலைந்து வரி எழுதிவைக்கும். தேவையில்லாத புள்ளி, கோடு, அரைகுறைச் சொல் எல்லாம் நடுவில் கொட்டிக் கிடக்கும். இதையெல்லாம் களைய ஐந்தாறு பேர் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் திறந்து உட்கார்ந்திருந்த இடத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு மவுஸ் ஆகாது. கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டி ஃபைலைத் திறக்காமலே திருத்துகிற ஜாதி நான். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய கட்டளைகள். தேட ஒன்று, மாற்ற ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று. ஒன்றின் வாயிலிருந்து வருவதை இன்னொன்றின் வாயில் ஊற்றினால் பத்துப் பேர் ஒரு வாரம் செய்கிற வேலை பத்து நொடியில் முடியும். மவுஸைத் தொடுகிறவர்களைப் பார்க்கும்போது, இன்னொருவர் கையால் சோறு ஊட்டிக்கொள்கிற பெரியவர்களைப் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு. இதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். மையத்தில் யாரும் என்னோடு டீ குடிக்கப் போவதில்லை என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

மருதாசலத்தின் ஃபைல் வந்தபோது நாற்பத்தொரு லட்சம் வரி. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற மலை பஸ்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். 'டிக்கெட், டிக்கெட்' என்ற வரி மட்டுமே எட்டு லட்சத்துச் சொச்சம். 'உள்ள தள்ளி நில்லுங்க' மூன்று லட்சம். கருவி திக்கிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்பது லட்சம் மிஞ்சியது. ஒரு நாளில் ஒரு லட்சம் வரிதான் எழுத முடியும். மருந்து ஏறிய மூளை ஆறு நாள்தான் எழுத்தை வாங்கிக்கொள்ளும். ஒன்பது நாளுக்குச் சரக்கு, ஆறு நாளுக்குத்தான் கதவு திறந்திருக்கும்.

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நான் ஒரே ஒரு வரி தட்டினேன். அதன் பொருள் இதுதான்: ஏற்கெனவே பார்த்த வரி திரும்ப வந்தால் தூக்கிப் போடு; தேதியைப் பார்க்காதே.

நாலு நொடி. ஃபைல் மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது. நான்கு நாளில் எழுதி முடித்தார்கள். மருதாசலம் கண்ணைத் திறந்து தன் பெயர், ஊர், கல்யாணத் தேதி, வால்பாறை மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்பதுவரை சொன்னார். தலைமை மருத்துவர் அபிநயா திங்கட்கிழமைக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார். அந்த வரி மையத்தின் விதியாகவே ஆகிவிட்டது. அந்தப் போட்டோவைக் கொஞ்ச நாள் என் கருப்புத் திரைக்குப் பின்னணியாக வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கத்தை மிச்சம் வைத்து என்ன ஆகப்போகிறது.

மருதாசலத்தின் ஃபைல் வந்து இருபத்தாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு வரவேற்பறையிலிருந்து அழைத்தார்கள். ஒரு அம்மா வந்திருக்கிறார், டாக்டரைப் பார்க்க மாட்டாராம், "எழுத்தத் திருத்துற புள்ள யாரோ அதைக் கூப்புடுங்க" என்கிறாராம்.

மருதாசலத்தின் மனைவி பூங்கொடி. அறுபதை நெருங்கும் வயது. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் டிபன் பாக்ஸ். ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்றாலே சாப்பாடு கட்டிக்கொண்டு வரும் பழக்கம் போகவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டார். உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அவருக்கு எல்லா ஞாபகமும் வந்துருச்சு கண்ணு. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா வீட்ல என்னைய விருந்தாடி மாதிரி வெச்சிருக்காரு."

"விருந்தாடின்னா... எப்புடிங்க?"

"டீ குடுத்தா, 'ரொம்ப நன்றிங்க'ங்கறாரு. முப்பத்தொரு வருசத்துல அந்த மனுசன் வாயில நன்றி வந்து நான் பாத்ததில்ல. என்னைய நீங்க நாங்கன்னு பேசறாரு. நேத்து, 'நீங்க காப்பிக்குச் சக்கரை போட்டுக்குவீங்களா'ன்னு கேக்கறாரு. எனக்குச் சக்கரை வந்து பன்னெண்டு வருசமாச்சு."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுகூடப் பரவால்ல. சண்டையெல்லாம் அப்புடியே ஞாபகம் இருக்குது கண்ணு. எங்க அண்ணன் கல்யாணத்துல போட்ட சண்டை, பம்பு செட்டுச் சண்டை, அவங்கக்கா வளையல் சண்டை. ஒண்ணு விடாம ஒப்பிக்கறாரு. 'ஏனுங்க, இவ்வளவு சண்டை போட்டுட்டு நாம எதுக்கு ஒண்ணா இருந்தோம்'னு கேட்டாரு. கோவமாக் கேக்கலை. தெரியாமத்தான் கேட்டாரு. இப்ப உடுமலைக்கு அவங்கக்கா வீட்டுக்கே போயி இருந்துக்கறேன்னு துணி எடுத்து வெச்சிட்டிருக்காரு."

நான் தட்டிய அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. ஆனாலும் நிபுணர் அல்லவா, உடனே ஒத்துக்கொள்ள முடியுமா? "ஃபைலைப் பாத்துச் சொல்றேன்ங்க" என்று உள்ளே போனேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பூங்கொடி வருகிற வரிகளை மட்டும் தேடி எடுத்தேன். சுத்தம் செய்த ஃபைலில் இருநூற்றுப் பதின்மூன்று சண்டைகள் இருந்தன. ஒவ்வொரு சண்டைக்கும் வேறு காரணம், வேறு வார்த்தை. ஒரு வரியைப் போல இன்னொரு வரி இல்லாததால் ஒன்றும் போகவில்லை. 'மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா' என்பது ஒரே ஒரு முறை இருந்தது. 'சாப்புட்டீங்களா' ஒரு முறை. 'பாத்துப் போயிட்டு வாங்க' ஒரு முறை. அவர் தலைவலி என்று படுத்ததும் பூங்கொடி தைலம் தேய்த்துவிட்டது ஒரு முறை. எல்லாமே கல்யாணமான முதல் மாதத்துத் தேதியில். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடத்துக்குச் சண்டை மட்டும்.

கருவி எழுதிய மூல ஃபைலைத் திறந்தேன். கருவியின் திக்கலைக் கழித்த பிறகும் மப்ளர் நாலாயிரத்து இருநூற்றுப் பதினான்கு முறை இருந்தது.

வெளியே வந்தேன். பூங்கொடி என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணுனே? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு."

"ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணே ஒண்ணு வெச்சுட்டு மீதிய எடுத்துட்டேன்ங்க. பீரோவுல ஒரே மாதிரி அஞ்சு சட்டை இருந்தா நாலைத் தூக்கிப் போடற மாதிரி."

"அது கண்டக்டர் யூனிபாரமா இருந்தா?"

முதுநிலைச் செம்மையாளருக்குத் தோன்றாத கேள்வி அது.

டாக்டர் அபிநயாவிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தாரணி, அவருக்கு டெஸ்ட்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. எதைக் கேட்டாலும் ஞாபகம் இருக்கு."

"டெஸ்ட்ல எத்தனை தடவைன்னு கேக்கறதில்லையே டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "இப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

"மூல ஃபைல் முப்பது நாள்தான் இருக்கும். அவரோடது இன்னும் நாலு நாள்ல தானா அழிஞ்சிரும். அந்த அழிப்பை நிறுத்தணும். விட்டுப்போனதுல ரெண்டு லட்சம் வரியாவது திரும்ப எழுதணும்."

"திரும்ப மருந்து ஏத்தணும். சின்ன டோஸ்தான், இருந்தாலும் நூத்துல ரெண்டு பேருக்கு வலிப்பு வர வாய்ப்பிருக்கு. அவரு சம்மதிக்கணும். அந்தம்மா இல்ல, அவரு." சற்று நிறுத்திவிட்டு, "அதுக்கப்புறம் எத்தனை பேருக்கு அந்தக் கமாண்டை ஓட்டிருக்கோம்?" என்று கேட்டார்.

"அவரையும் சேத்து இருபத்திமூணு பேரு."

"மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"விருந்தாடி மாதிரி நடத்தறாருன்னு எந்தப் படிவத்துல எழுதுவாங்க டாக்டர்? நம்ம படிவத்துல அந்தக் கட்டமே இல்ல."

அவர் அழிப்பை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. நானாகவே தருகிறேன் என்றேன். "வேண்டாம், உங்க வீட்லயே இருக்கட்டும். அடிக்கடி பாருங்க" என்றார்.

மறுநாள் காலை பொள்ளாச்சிக்குப் போனேன். தெப்பக்குளம் வீதியில் மாடி வீடு. வாசலில் ஒரு பெரிய பை தயாராக இருந்தது. மருதாசலம் மணி பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. மெலிந்த மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அலமாரியில் போக்குவரத்துக் கழகம் கொடுத்த கேடயம்.

"உக்காருங்க அம்மிணி. அந்தம்மா எல்லாம் சொன்னாங்க. நீங்க மனசு ஒடையாதீங்க, வேலைன்னா தப்பு வர்றதுதான்." அந்தக் கேடயத்தைக் காட்டினார். "முப்பத்திரண்டு வருசம் சர்வீஸுன்னு போட்டிருக்குது. எனக்கென்னமோ ரெண்டு மூணு ட்ரிப்பு போயிட்டு வந்த மாதிரித்தான் இருக்குது. சும்மாவே சீல்டு குடுத்துட்டாங்களோன்னு ஒரு கூச்சம்."

நான் விஷயத்தை மறுபடியும் முழுசாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பஸ்ஸில் பயணிகள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய முகம், நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஆனா எனக்குத் தெரிஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கறதுதானுங்க. இந்தம்மா நல்லவங்கதான், நான் இல்லைங்கல. எங்கூட ஒத்து வரலைன்னு எனக்குத் தெரியுது. நீங்க புதுசா எதையாச்சும் எழுதி என்னைய ஒட்ட வெக்கறீங்களோன்னு ஒரு சந்தேகம் வருமா வராதா?"

வரும். என்னாலேயே மறுக்க முடியவில்லை. நான் கொண்டுபோயிருந்த அச்சுத் தாள்களை எடுத்தேன். மூல ஃபைலிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் தேதியோடு எடுத்து வைத்திருந்தேன். வேறு வழி தெரியவில்லை, படிக்க ஆரம்பித்தேன்.

"ஜூன் பதினாலு, மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா. ஜூன் பதினாறு, மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா. ஜூன் பதினெட்டு, மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் டியூட்டி. ஜூலை, ஆகஸ்ட் என்று போனேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு மணி பார்த்தார். பூங்கொடி சமையலறை வாசலில் நின்று, "விடு கண்ணு, எனக்கே கேக்கப் பொறுக்கலை" என்றார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இருபது வருடமாக ஃபைலைத் திறக்காமலே வேலை செய்துவிட்டு, ஒரு ஃபைலை வாய்விட்டுப் படிப்பது அதுதான் முதல் முறை. நாலாவது வருடத்துக்குள் வந்திருந்தேன்.

"ஜனவரி ஆறு, மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா. ஜனவரி எட்டு, மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா. ஜனவரி பன்னெண்டு..."

"இருங்க." மருதாசலம் விரலை உயர்த்தினார். "எட்டுக்கப்பறம் பன்னெண்டு வருதே. பத்து எங்கீங்க?"

டிக்கெட் கட்டில் ஒரு எண் விட்டுப் போனால் கண்டுபிடிக்கிற காது அது. நான் தாளைத் திரும்பப் பார்த்தேன். பத்தாம் தேதி இல்லை. என் கட்டளைதான் அதையும் தின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"பத்தாந்தேதி நான் ஆஸ்பத்திரில இருந்தனுங்க" என்றார் பூங்கொடி. "ரெண்டாவது கொழந்தை நிக்காமப் போச்சே, அன்னைக்கு."

"அது ஞாபகம் இருக்குது" என்றார் மருதாசலம் மெதுவாக. "லீவு கேட்டேன், ஆளு இல்லைன்னுட்டாங்க. அன்னைக்கு மலைல அட்டகட்டி ஊருகிட்டப் போறப்ப காதுல குளுரு பூந்து உசுரு போச்சு. வண்டில ஏறுனவங்க அத்தனை பேரும், 'என்ன கண்டக்டரே, இன்னைக்கு மப்ளரக் காணோம்'னு கேட்டாங்க. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது." அவர் என்னைப் பார்த்தார். "ஆனா அவங்க எதுக்கு அப்புடிக் கேட்டாங்கன்னுதான் இந்த இருவது நாளா வெளங்கலை. மப்ளர் போடாததுக்கு ஊரே ஏன் கேக்கோணும்? நான் என்ன தெனமுமா போட்டுட்டுப் போனேன்னு நெனச்சுக்கிட்டேன்."

உடுமலை பஸ் போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை.

"வலிப்பு வருமுன்னு சொன்னீங்களே, அது எத்தனை பேருக்கு?"

"நூத்துல ரெண்டு பேருக்குங்க."

"பரவால்ல. எழுதுங்க அம்மிணி."

இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வரி. இந்த முறை நானே கண்ணால் பார்த்துப் பொறுக்கினேன், மவுஸையும் தொட்டேன். ஒரே நாளில் ஒரே நேரத்தில் திரும்ப வந்தால் அது கருவியின் திக்கல். வேறு வேறு நாளில் திரும்ப வந்தால் அது அவருடைய வாழ்க்கை. இவ்வளவுதான் வித்தியாசம். தேதியைப் பார்க்காதே என்று எழுதியதற்குப் பதிலாகப் பார் என்று எழுதிவிட்டு, மிஞ்சிய ஒன்பது லட்சத்தில் ஆறு லட்சத்தை அன்றைக்கே இப்படிக் கண்ணால் பொறுக்கியிருக்கலாம்; எழுத்துக்கூடக் குறைந்திருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் அவர் கண் விழித்தார். வலிப்பு வரவில்லை. பூங்கொடி கழிப்பறைக்குப் போயிருந்தார். நானும் டாக்டரும் நின்றிருந்தோம். எங்களை அவர் கண்டுகொள்ளவில்லை. பூங்கொடி உள்ளே வந்ததும், "ஏம்புள்ள, இத்தனை நேரம் எங்க போயித் தொலஞ்சே?" என்றார்.

பூங்கொடி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அதன் பிறகு மற்ற இருபத்திரண்டு வீடுகளுக்கும் நானே போன் செய்தேன். டாக்டர் வேறு ஆளை வைக்கிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு மகன், "அதான் எங்கப்பா என் பேரச் சொல்லியே கூப்புடறாரா? முன்னெல்லாம் சாமின்னுதான் கூப்புடுவாரு" என்று அழுதார். ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், அது நியாயமான வார்த்தைதான். எட்டுப் பேருக்கு இன்னொரு முறை மருந்து ஏற்ற உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த எட்டு வீட்டுக்கும் மன்னிப்பைத் தவிர என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. நேரில் போய்க் கொடுத்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு தத்துவம் பிறந்திருந்தது. அன்பு ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும், சண்டைதான் ஒவ்வொரு முறையும் புதுசாக வரும். ஆகவே திரும்ப வருகிற வரியைக் காப்பாற்ற வேண்டும். இதை ஒரு கட்டுரையாக எழுதி மாநாட்டுக்கு அனுப்பலாம் என்றுகூட யோசித்தேன். திருந்திய பிறகும் எனக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. அந்தத் தத்துவம் பதினோரு நாள் உயிரோடு இருந்தது.

பதினோராம் நாள், பட்டியலில் கடைசிப் பெயரான சுகந்தியின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவருடைய அக்கா. மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார்.

"அவ இங்க இல்லீங்க. அவ வீட்டுக்காரனோட கிணத்துக்கடவு போயிட்டா. ஆறு வருசத்துக்கு முன்னாடி அவன விட்டுட்டு எங்கிட்ட வந்தவ. கையில ஒடஞ்ச எலும்போட வந்தா. நோயி வந்தப்பவும் நாந்தான் பாத்தேன். உங்க ஆஸ்பத்திரில இருந்து வந்து ஒரு வாரத்துல, 'அவரு அவ்வளவு மோசமான ஆளில்லையேக்கா, நாந்தான் சின்ன விசயத்துக்குக் கோவிச்சுட்டு வந்துட்டேன் போல'ன்னா. அவனும் வந்து தேனாப் பேசுனான். நான் கால்ல விழாத கொறை. கெளம்பிப் போயிட்டா. நீங்க என்ன மருந்து குடுத்தீங்க அவளுக்கு?"

போனை வைத்துவிட்டு சுகந்தியின் மூல ஃபைலைத் திறந்தேன். 'உன்னையெல்லாம் எவன்டி கேப்பான்' என்று ஒரு வரி, அதற்கு அடுத்த வரி எப்போதும் அறை, அல்லது உதை, அல்லது பெல்ட். சுத்தம் செய்த ஃபைலில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒரு மனிதன் ஒரு நாள் கோபத்தில் ஒரு முறை அடித்திருக்கிறான். மூல ஃபைலில் கருவியின் திக்கலை நீக்கிவிட்டு, இப்போது வேறு மாதிரி கேட்டேன். திரும்ப வரும் வரிகளை ஒன்றாக்கும் அதே கட்டளைக்கு ஒற்றை எழுத்தில் ஒரு வால் உண்டு. அதைச் சேர்த்தால் வரியை ஒரு முறை காட்டி, எத்தனை முறை வந்தது என்று முன்னால் எண்ணையும் போட்டுத் தரும். நாற்பத்தொரு லட்சம் வரியைக் குறைத்துச் சால்வை வாங்கிய அன்றைக்கு இந்த ஒற்றை எழுத்து எனக்குத் தோன்றவில்லை.

கிணத்துக்கடவில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு; வாசலில் என் காரை நிறுத்தினேன். வெயில் ஏறிய பத்தரை மணி. சுகந்தியே கதவைத் திறந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. கணவர் கடைக்குப் போயிருக்கிறார், மதியம்தான் வருவார் என்றார். எனக்கு மோர் கொடுத்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"அக்கா போன் பண்ணுச்சுங்களா?" என்று கேட்டார் அவரே. "அது அப்புடித்தான் பயப்படும். கோவத்துல ஒருக்கா கை நீட்டிட்டாருங்க. யாருக்குத்தான் கோவம் வராது?"

"ஒருக்கா இல்லீங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒன்றாக்கியது நான்தான் என்றும் சொன்னேன். இந்த முறை சட்டை, பீரோ உதாரணமெல்லாம் சொல்லவில்லை. அவர் மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"திரும்ப எழுதலாம்ங்க. உங்களுக்கு வேணும்னா. அப்ப எல்லாமே ஞாபகம் வரும், ஒவ்வொண்ணும். வேண்டாம்னாலும் சரிதான். நான் வற்புறுத்த வரலீங்க."

"எத்தனை?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு தடவை."

அவர் உதடு அசைந்தது. அந்த எண்ணைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துப் பார்த்தார், யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

"இதும் அதுலதானுங்களா?"

"ஆமாங்க. கடைசி நாளு."

ரயில் ஒன்று போனது. வீடு அதிர்ந்து அடங்கியது.

"எழுதச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க. அத்தனையும் இன்னொருக்கா எதுக்கு வாங்கோணும்? எத்தனைன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு கேஸ் அடுப்பைத் திருகி அணைக்கும் சத்தம். வெளியே வந்தபோது கையில் மாத்திரைக் கவரும் ஒரு ஜோடி மாற்றுப் புடவையும் இருந்தன. கதவைப் பூட்டிவிட்டு, சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார்.

"உங்க வண்டில மேட்டுப்பாளையம் வரைக்கும் வர்றதுக்கு எடம் இருக்குதுங்களா?"